மூடும் என்று சொன்னவன் நான்தான்

1

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ராஜவேலு சாரிடம் ஏழாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குடுவைத் தாவரத்துக்குள் பூச்சி விழுந்ததும் மேலே இருக்கும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்று அவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். இடது கையைக் குவித்து, வலது கையால் மூடிக் காட்டியும் இருப்பார். மூடாது. அந்த மூடி ஒருநாளும் மூடியதில்லை. அவர்மேல் தப்பில்லை. மூடும் என்று அவருக்குச் சொன்னவன் நான்தான்.

நான் அவருடைய தங்கை செல்வியின் கணவன். எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம், மாமியார் வீடு கடலூர், சோறு போடுவது கனடா. டொராண்டோவுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், பால் பதனிடும் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. வந்து இருபத்து நாலு வருஷமாகிறது. ஒவ்வொரு வருஷமும் வந்திறங்கிய தேதியில் செல்வி பாயசம் வைப்பாள், நான் எதையாவது எழுதி ஊருக்கு அனுப்புவேன். வழக்கமாகப் பனி, வரி, பிள்ளை வளர்ப்பு என்று புலம்பிவிட்டு முடிப்பேன். இந்த வருஷம் புலம்பல் கம்மி. ஒப்புதல் வாக்குமூலம்தான் ஜாஸ்தி.

2

நான் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவன். ஆய்வகத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் மேகாலயாவிலிருந்து வந்த குடுவைத் தாவரம் ஒன்று ஃபார்மலினில் கிடந்தது. முதல் வருஷம் நானும் எல்லோரையும்போல, "இது எப்ப சார் மூடும்?" என்று கேட்டேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, "அது கதவு இல்லப்பா, குடை. மழைத்தண்ணி உள்ள ரொம்பாம இருக்கறதுக்கு" என்றார். பூச்சி தேனுக்கு ஆசைப்பட்டு விளிம்பில் உட்காரும், வழுக்கி உள்ளே விழும், திரும்ப ஏற முடியாது, அவ்வளவுதான் கதை. ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க வழியே இல்லை.

படிப்பு முடிந்த மறுவருஷம் செல்வியைப் பெண் பார்க்கப் போனோம். ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று ஏழு பேர், சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில். அந்த வீட்டில் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லும்படி அம்மா பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள். வீடு திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. கூடத்தில் எங்களுக்குப் பாய். எதிரே நாற்காலியில் செல்வியின் அப்பா, பேசாத மனிதர். அவர் பக்கத்தில் ராஜவேலு. பலகாரம் போதுமா, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டதற்கெல்லாம் நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்போது அவர் வாத்தியாராகிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. பி.எஸ்சி. வேதியியல். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை வந்தும், பள்ளிக்கூடம்தான் என்று பிடிவாதம் பிடித்துப் போனவர். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையை நாலு கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சம்பளம், சொத்து, பழக்கவழக்கம் என்று கேட்பார்கள். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க பாட்டனிதானே? இந்தக் குடுவைத் தாவரம் இருக்கே, பூச்சி உழுந்ததும் மூடி எவ்ளோ நேரத்துல மூடும்? புக்குல போடல. பசங்க கேக்குறானுங்க."

கவனியுங்கள், மூடுமா என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு நேரத்தில் என்று கேட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அண்ணனை, அவருடைய அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு, "நீங்க நெனைக்கிறது தப்பு" என்று சொல்கிற மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. அதுவும் உள் அறைக் கதவோரம் ஒரு மஞ்சள் புடவை நின்றதை நான் அப்போதுதான் பார்த்திருந்தேன்.

"ஒடனே மூடிக்கும்ங்க" என்றேன். அது போதாதென்று, "ரெண்டு மூணு செகண்டுதான்" என்றும் சேர்த்தேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வாத்தியாருக்குப் புத்தகத்தில் இல்லாத விவரம் ஒன்று கிடைத்துவிட்டால் எப்படி இருக்கும். அந்த மாதமே நிச்சயம், தையில் ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், சிக்கனமாக முடித்துவிட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

3

போன மாசியில் ராஜவேலு மச்சான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் பனி தள்ளிவிட்டு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, மே மாசம் லீவுல அங்க வர்றேன். அடுத்த வருஷம் ரிட்டயர்டு. அதுக்குள்ள ஒரு வேல முடிக்கணும்."

"வாங்க மச்சான். என்னா வேல?"

"ஏழாங்கிளாஸ்ல நிவேதான்னு ஒரு பொண்ணு. குடுவைத் தாவரம் மூடாது சார்னு நிக்குது. அவுங்கப்பா ஃபோன்ல பாத்துதாம். நெட்டுல ஆயிரம் போடுவான், எங்க தங்கச்சி வூட்டுக்காரரு எம்.எஸ்சி. பாட்டனி, அவரே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காருன்னேன். கேக்க மாட்டேங்குது. எதுத்துப் பேசுதுன்னு ஒரு பீரியட் வெளிய நிக்க வச்சேன். பரீட்சைலயும் மூடாதுன்னே எழுதி வச்சிருக்கு. தப்பு போட்டுட்டேன்."

"சரி."

"அப்புறம் மனசு கேக்கல. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். நானே நேர்ல போயி வீடியோ எடுத்தாந்து காட்டுறேன், மூடலன்னா நீ சொன்னதுதான் சரின்னு. உங்க ஊர்ல அது காட்டுலயே மொளைக்குதாமே?"

இருபத்தைந்து வருஷமாக என்னுடைய அந்த மூன்று செகண்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "மச்சான், மூடாது" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொன்னது, "மொளைக்குது மச்சான், வாங்க" என்று. பல வருஷம் பழகிய வாய், தானாகவே அப்படி வந்தது.

அரசாங்க வாத்தியார் வெளிநாடு போக வேண்டுமென்றால் துறையில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம். மச்சான் 'குடுவைத் தாவரத்தை நேரில் காண' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கோப்பு திரும்பி வந்தது. அலுவலகத்தில், "சார், இத மேல அனுப்புனா என்னத்தான் கேப்பாங்க. தங்கச்சியப் பாக்கன்னு எழுதிக் குடுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார்களாம். மச்சான் விடவில்லை. "தங்கச்சியையும் பாப்பேன். ஆனா போறது அதுக்கில்ல. ரெக்கார்டு நோட்டுல பொய் எழுதாதன்னு பசங்ககிட்ட சொல்றவன், ஃபாரத்துல எப்படிப் பொய் எழுதறது?" கடைசியில் இரண்டு நோக்கத்தையும் எழுதி, அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து வாங்கினார். இதை அவர் ஃபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் சிரிக்க முடியாமல் உம் கொட்டினேன்.

4

மே மாதம் முதல் வாரம் வந்திறங்கினார். பெட்டியில் பாதி பண்ருட்டி முந்திரி, மீதி பாதியில் நாலு சட்டையும் ஒரு பூதக்கண்ணாடியும்.

எங்கள் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசவும் பேசுவாள், ஆனால் அவளுடைய தமிழில் 'நீங்க' கிடையாது. எல்லோரும் 'நீ'தான். "மாமா, நீ காபி குடிக்கிறியா?" என்று முதல் நாள் கேட்டதும் செல்விக்கு முகம் செத்துவிட்டது. மச்சான் இரண்டு நாள் திருத்திப் பார்த்தார். மூன்றாம் நாள், "வுடு செல்வி. இவ்ளோ மரியாதையில்லாம என்ன யாருமே பாசமா கூப்புட்டதில்ல" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாமாவும் மருமகளும் ஒரே கூட்டணி. எனக்கும் அவளுக்கும் நடுவில் இந்த இரண்டு வருஷமாகப் பேச்சு என்பது வைஃபை, காசு, எத்தனை மணிக்கு வருவாய் என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. அவரோடு மணிக்கணக்கில் பேசினாள்.

நான் என்ன செய்தேன்? அவரைச் செடி இல்லாத இடமாகப் பார்த்து அழைத்துப் போனேன். நீர்வீழ்ச்சி காட்டினேன். உயரமான கோபுரம் காட்டினேன். ஒரு மால், அதைவிடப் பெரிய இன்னொரு மால். மச்சான் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, காரில் ஏறியதும், "செடி எப்ப மாப்ள?" என்பார். "இப்பதான் பனி உருகியிருக்கு மச்சான், இன்னும் சீசன் வரல" என்பேன். இரண்டாவது வாரமும் அப்படியே போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குப் பந்தி முடிகிறவரை நிம்மதி இருக்காது.

செல்வி கண்டுபிடித்துவிட்டாள். சமையலறையில் வைத்து என்னை மடக்கினாள்.

"என்னா ஒளிக்கிறீங்க? அந்தச் செடி நாலு மணி நேர தூரத்துல இருக்குதுன்னு யாழினி சொல்றா. அண்ணன் வந்ததே அதுக்குத்தான்."

சொன்னேன். எல்லாவற்றையும், அந்தக் கூடத்தில் நடந்ததிலிருந்து. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு சரியா எழுதியிருக்கு. எங்கண்ணன் தப்பு போட்டுட்டு வந்திருக்கு. உங்கள நம்பி. போறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. இல்ல, நான் சொல்றேன்."

"சொல்லிடுறேன்" என்றேன். யாழினி சாப்பாட்டு மேசையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் வேகமாகப் பேசினால் அவளுக்குப் புரியாது என்பது என் எண்ணம். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று வருஷா வருஷம் எழுதுகிறேன். காது மட்டும் விலகுவதில்லை.

5

அந்தச் சனிக்கிழமை கிளம்பினோம். நான்கு மணி நேரம். வழியில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் நினைத்தேன். செல்வி பின் இருக்கையிலிருந்து என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அது ஒரு சதுப்புநிலம். நம் ஊர் வயல்போலத் தட்டையாக இருக்கும், ஆனால் தரை முழுக்கப் பாசி. அதன் மேல் நடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பலகையை விட்டு இறங்கக் கூடாது என்று போர்டு. மச்சான் அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "யாரும் எறங்கக் கூடாது" என்று எங்களுக்கும் சொன்னார். கறுப்பு ஈக்கள் கழுத்தையும் காதையும் பிய்த்தன.

இருநூறு அடி போனதும் யாழினிதான் முதலில் பார்த்தாள். பலகையை ஒட்டியே, பாசிக்குள் கொத்தாக ஏழெட்டுக் குடுவைகள். கருஞ்சிவப்பு, பச்சை நரம்பு ஓடியது, ஒவ்வொன்றிலும் பாதிக்குத் தண்ணீர். மச்சான் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையைக் கூப்பினார். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் வரைந்த ஒன்றை ஒருவர் முதல்முறையாகப் பார்க்கிறார்.

பலகைமேல் குப்புறப் படுத்தார். ஃபோனை நீட்டிப் பிடித்தார். அறுபதை நெருங்கும் வயதில் அந்த மனிதர் வகுப்புக் குரலில் பேச ஆரம்பித்தார். "மாணவர்களே, இப்போது ஒரு ஈ உள்ளே விழப்போகிறது. நன்றாகக் கவனியுங்கள்." தன் கழுத்தில் கடித்த ஈயையே அடித்து, அதை ஒரு குடுவைக்குள் போட்டார்.

மூன்று செகண்டு போயிற்று. முப்பது போயிற்று. ஐந்து நிமிஷம்.

"குளிருல மந்தமா இருக்கும் போல" என்றார். பிறகு, "செத்த ஈன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று பலகைமேல் ஓடிய எறும்பு ஒன்றைப் பிடித்து விட்டார். மறுபடியும் காத்திருந்தார். முழங்கையெல்லாம் ஈரம். செல்வி என்னைப் பார்த்தாள். நான் கழுத்தில் உட்கார்ந்த ஈயை அடித்தேன்.

"மாமா, அது மூடாது" என்றாள் யாழினி.

"மூடும்மா. கொஞ்சம் பொறு."

"இல்ல மாமா. எப்பவுமே மூடாது. அப்பாக்குத் தெரியும், அம்மாகிட்ட சொன்னாங்க. உனக்குச் சொல்லலையா?"

மச்சான் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"நெசமா மாப்ள?"

"ஆமாம் மச்சான்."

"எப்பலேந்து தெரியும்?"

"சிதம்பரத்துல படிக்கும்போதே."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்ப, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு?"

"தெரியும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தப் பொண்ண ஒரு பீரியட் முழுக்க வெளிய நிக்க வச்சேன் மாப்ள" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. வேறு சொல் தேட வேண்டியதில்லை, அவமானம்தான்.

அவர் மறுபடியும் குனிந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வாத்தியார் அல்லவா, கோபத்துக்கும் நடுவில் கேள்வி வந்துவிட்டது. "இதுக்கு மூடின்னே ஒண்ணு இல்லியே. வாயப் பொளந்துகினுதான் கெடக்குது. மழ பெஞ்சா?"

"இது மழத்தண்ணியத்தான் புடிச்சு வச்சுக்குது மச்சான். அதுல உழுந்துதான் பூச்சி சாவுது. உள்ள பாருங்க, மயிருங்க எல்லாம் கீழ பாத்து இருக்கும், ஏற முடியாது. உங்க புக்குல இருக்கறது வேற ஜாதி. அதுக்கு மேல குடை மாதிரி ஒரு மூடி இருக்கும். அதுவும் அசையாது."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தாவரவியலைப் பற்றி அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. பிறகு ஃபோனில் பதிவாகிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தி, சேமித்தார். அழிக்கவில்லை.

6

திரும்பும்போது பின் இருக்கையில் யாழினி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மிச்சமிருந்த ஐந்து நாளும் எங்களுக்குள் பேச்சு செல்வி வழியாகத்தான். "மாப்ள சாப்புட்டாரான்னு கேளு" என்பார், நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். விமான நிலையத்தில் மட்டும் நேராகச் சொன்னார். "பள்ளிக்கூடம் தொறந்ததும் ஒருநாள் வீடியோ கால் போடுவேன். எடுங்க."

ஜூனில் ஒரு வியாழக்கிழமை, இங்கே காலை ஆறு மணி, அங்கே பிற்பகல் மூன்றரை. எடுத்தேன். திரையில் வகுப்பறை. மின்விசிறிச் சத்தம். பிள்ளைகள் இப்போது எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். சதுப்புநில வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டி முடித்திருந்தார் போலும், எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது தப்பு, நிவேதா சொன்னதுதான் சரின்னு மொதல்லயே சொல்லிட்டேன்" என்றார் மச்சான். "இவருதான் நான் சொன்ன பாட்டனி சாரு. நிவேதா, நீயே கேளும்மா."

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் திரைக்கு முன்னால் வந்து நின்றாள். பயமே இல்லை அவளுக்கு.

"மூடாதும்மா" என்றேன். "நீ எழுதுனதுதான் சரி."

"அது தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்னு சார் சொன்னாரு. அப்ப ஏன் சார் மூடும்னு சொன்னீங்க?"

இங்கே நான் எத்தனையோ நேர்முகத் தேர்வுகளுக்குப் போயிருக்கிறேன். குடியுரிமைக்குக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எதற்கும் இப்படி வியர்த்ததில்லை.

"உங்க சாரோட தங்கச்சியப் பொண்ணு பாக்கப் போயிருந்தேம்மா. மூடாதுன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

வகுப்பே சிரித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நிவேதா சிரிக்கவில்லை. "நானும் பயந்தேன் சார். ஆனா மூடாதுன்னுதான் எழுதுனேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மச்சான் ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு எங்கப்பா வேணாம்னுட்டாரு. பையன் எதக் கேட்டாலும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டுறான், இவன நம்பி எப்படிக் குடுக்கறதுன்னாரு. நான்தான் சண்ட போட்டேன். இல்லப்பா, படிச்ச புள்ள, தெரிஞ்சத மட்டுந்தான் சொல்றாரு, செகண்டு மொதக்கொண்டு சொல்றாரேன்னேன்."

நான் ஃபோனை மேசையில் சாய்த்து வைத்தேன்.

"சரி, பெல்லு அடிக்கப் போறான். செல்விய கேட்டேன்னு சொல்லுங்க. அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆனப்புறம் வர்றேன். நிதானமா பாக்கணும் அந்தச் செடிய" என்று வைத்துவிட்டார்.

செல்வி காபியோடு வந்தாள். "அண்ணன் என்னா சொல்லுச்சு?"

ஒன்றுவிடாமல் சொன்னேன், அவள் அப்பா வேண்டாம் என்றது உட்பட. அதுவரை அது அவளுக்கும் தெரியாது. காபியை என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய்த் திரையை விலக்கினாள்.

"எங்கப்பா ஆளப் பாத்த ஒடனே எட போட்டுடுவாரு" என்றாள்.